ஃபைபர் படகை மணலில் ஏற்றி நிறுத்தினால் அடி கெடுமா?

புதுத்துடுப்பு:

எல்லோருக்கும் வணக்கம். நாலு மாதத்துக்கு முன்னால் 19 அடி ஃபைபர் படகு ஒன்றைப் பழையதாக வாங்கினேன். பின்னால் வெளியே மாட்டிய 115 எச்.பி. அவுட்போர்டு இன்ஜின். இதுதான் எனக்கு முதல் படகு. லீவு நாட்களில் குடும்பத்தோடு ஒரு மணல் திட்டுக்குப் போவோம். படகின் மூக்கை மணலில் மெதுவாக ஏற்றி நிறுத்திவிட்டு, மூன்று நாலு மணி நேரம் அங்கேயே இருப்போம். பிள்ளைகளுக்கு ஏழு வயது, நாலு வயது. முன்பக்கமாக நேரே மணலில் காலை வைத்து இறங்கிவிடலாம் என்பதால் எங்களுக்கு அது பெரிய வசதி.

போன வாரம் டிரெய்லரில் ஏற்றிக் கழுவியபோது அடியில் படுத்துப் பார்த்தேன். முன்பக்கத்தில் நடுமுதுகு, அதாவது கீல், வளைந்து கீழே இறங்குகிற இடத்தில், முழங்கை நீளத்துக்குப் பளபளப்பே இல்லை. சாக்பீஸ் தேய்த்த மாதிரி வெளுத்திருக்கிறது. அதன் நடுவே மூன்று விரல் அகலத்துக்கு வெள்ளையும் போய், உள்ளே பச்சை கலந்த பழுப்பு நிறம் தெரிகிறது. வாங்கும்போது இது இருந்ததா என்று எனக்கு நினைவில்லை. அப்போது நான் இன்ஜினைத்தான் பார்த்தேன், அடியைப் பார்க்கத் தோன்றவில்லை.

படகு வைத்திருக்கும் இரண்டு நண்பர்களிடம் கேட்டேன். "ஃபைபர் கல்லு மாதிரி, மணல் என்ன செய்யும்" என்கிறார் ஒருவர். "ஒவ்வொரு தடவை ஏற்றுவதும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுதான்" என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி? இதை உடனே சரிசெய்ய வேண்டுமா, சீசன் முடியும்வரை விடலாமா? கீல் கார்டு என்று ஒட்டுகிற பட்டை ஒன்று இருக்கிறதாமே, அதை ஒட்டிவிட்டால் போதுமா?

தகரப்படகு:

பயப்படாதீர்கள். என்னுடையது 16 அடி அலுமினியப் படகு. எட்டு வருடமாக மணலில்தான் ஏற்றி இறக்குகிறேன். அடியில் பெயின்ட் போயிருக்கிறது, கீறல்கள் இருக்கின்றன, அவ்வளவுதான். ஒரு சொட்டு ஒழுகல் கிடையாது. கல்லும் சிப்பியும் இல்லாத கரையாகப் பார்த்து ஏற்றுங்கள். படகு வாங்குவதே அனுபவிக்கத்தானே.

ரெசின்கை:

தகரப்படகு சொல்வது அவருடைய படகுக்குச் சரி. அலுமினியம் கீறினால் அந்த இடத்தில் தானாகவே ஒரு ஆக்சைடு படலம் வந்து மூடிக்கொள்ளும். தகட்டின் உள்ளே தண்ணீர் ஊறுவதற்கும் வழியில்லை. (ரிவெட் அடித்த படகு என்றால் கீலை ஒட்டியுள்ள ரிவெட் தலைகளை மட்டும் வருடம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அவை தேய்ந்தால்தான் ஒழுகல் தொடங்கும்.) ஃபைபரின் கதை வேறு. இருபத்திரண்டு வருடமாக ஃபைபர் படகுகளின் அடியைச் சரிசெய்வதுதான் என் வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் வெளியே பார்க்கிற பளபளப்பான வெள்ளைதான் ஜெல்கோட். நிறம் கலந்த ரெசின், அதாவது இறுகுகிற பிசின்; அதில் கண்ணாடி இழை கிடையாது. அரை மில்லிமீட்டரை ஒட்டித்தான் கனம் இருக்கும். இரண்டு விசிட்டிங் கார்டைச் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான். அதன் பின்னால்தான் கண்ணாடி இழையும் ரெசினுமாகப் படகின் உண்மையான உடம்பு. மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். மோஸ் கடினத்தன்மை அளவில் அது 7. சாதாரணக் கத்தியின் இரும்பையே கீறிவிடும். ஜெல்கோட் அதன் பக்கத்திலேயே வர முடியாது. ஆகவே உப்புத்தாள் என்று சொன்ன நண்பர் சொன்னதுதான் சரி.

ஆனால் அவரும் பாதிதான் சொல்லியிருக்கிறார். படகை மெதுவாக மணலில் ஏற்றும்போது நடப்பது ஒரே ஒரு உரசல். திரும்பத் தள்ளும்போது இன்னொன்று. அந்த இரண்டு உரசலால் மட்டும் ஒரு படகும் கெட்டு நான் பார்த்ததில்லை. கெடுப்பது, நடுவில் நீங்கள் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் அந்த நாலு மணி நேரம்.

மூக்கு மணலில், பின்பக்கம் தண்ணீரில். நாலு நொடிக்கு ஒரு சின்ன அலை வருகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு அலையும் பின்பக்கத்தைத் தூக்கி இறக்கும், மூக்கு மணலில் அரைபடும். மணிக்கு 900 தடவை, நாலு மணி நேரத்தில் 3,600 தடவை. இன்ஜின், பெட்ரோல், சாமான் எல்லாம் சேர்ந்து ஆயிரம் கிலோவுக்கு மேல் இருக்கும் படகு அது. அதில் நல்ல ஒரு பங்கு, உள்ளங்கை அகலமுள்ள ஒரு பட்டையில் உட்கார்ந்து அரைக்கிறது. பக்கத்தில் வேகமாக ஒரு படகு போனால் அதன் அலை உங்கள் மூக்கைத் தூக்கித் தொப்பென்று போடும். உரசலாவது தேய்க்கத்தான் செய்யும், இந்தத் தொப்பு விரிசலே உண்டாக்கும்.

கீலில் இது கூடுதல் ஆபத்து. அச்சுக்குள் படகைச் செய்யும்போது, இப்படிக் குறுகலாக மடங்குகிற இடத்தில் கண்ணாடி இழைப் பாய் முழுதாகப் படியாது. மூலையில் காற்று சிக்கிக்கொள்ளும். அந்தக் காற்றறையின் மேல் ஜெல்கோட் மட்டும் முட்டை ஓடு மாதிரி நிற்கும். ஒருநாள் சில்லு பெயர்ந்து வரும்போதுதான் உள்ளே வெற்றிடம் இருந்ததே தெரியும்.

உங்களுக்குத் தெரிகிற பச்சை கலந்த பழுப்பு, இழை அடுக்கின் நிறம். அங்கே ஜெல்கோட் முழுதும் போய்விட்டது. இனி தண்ணீர் இழையின் ஓரமாகவே, திரியில் எண்ணெய் ஏறுவது போல, உள்ளே ஊறும். ஒரே நாளில் ஒன்றும் ஆகிவிடாது. படகு டிரெய்லரில் காய்கிற படகு என்றால் இன்னும் மெதுவாகத்தான் நடக்கும். எப்போதும் தண்ணீரிலேயே கிடக்கிற படகில் சீக்கிரம் நடக்கும். நன்னீர்தானே என்று நினைக்கவும் வேண்டாம். கொப்புளம் கட்டுகிற ஆஸ்மாசிஸ் தொல்லை உப்புத் தண்ணீரைவிட நன்னீரில்தான் அதிகம்.

ஒரு படகைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 21 அடி. "முன்பு மாதிரி ஓடவில்லை, பின்பக்கம் கனக்கிறது, வேகம் எழும்பமாட்டேன் என்கிறது" என்று கொண்டுவந்தார்கள். இரண்டு பேர் இன்ஜினைப் பிரித்துப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். நான் அடியில் படுத்தேன். கீலில் நாலு விரல் நீளத்துக்கு ஒரு தேய்மானம், அதன் நடுவில் நகம் நுழைகிற ஒரு வெட்டு. மேலே தளத்தை அறுத்துத் திறந்தால், நீளவாட்டில் போகும் தாங்குக் கட்டைகள் இரண்டும் ஊறிப்போய்க் கறுத்திருந்தன. கையால் பிய்த்தால் ரொட்டி மாதிரி வந்தது. கட்டைகளுக்கு நடுவில் அடைத்திருந்த நுரையைப் பிழிந்தால் தண்ணீர் ஓடியது. ஒவ்வொரு கோடையிலும் ஒரே கரையில், ஒரே மாதிரி மூக்கை ஏற்றி வைத்திருந்த படகு அது. அந்த நாலு விரல் இடத்தை முதல் வருடமே கவனித்திருந்தால் ஒரு மதிய நேர வேலை. எனக்கு ஏழு வாரம் ஆனது. அன்றிலிருந்து, ஃபைபர் படகு வைத்திருக்கும் யாரைப் பார்த்தாலும் அடியைப் பார்த்தீர்களா என்றுதான் முதலில் கேட்கிறேன்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது இதுதான். படகை நிழலில் இரண்டு நாள் காய விடுங்கள். அந்த இடத்தை அசிட்டோன் தொட்ட துணியால் துடையுங்கள். சுற்றிலும் காய்ந்த பிறகும் ஒரு புள்ளி மட்டும் கறுப்பாக ஈரம் கசிந்தபடி இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஒரு நாணயத்தை எடுத்து, நல்ல இடத்திலிருந்து தொடங்கிச் சேதமான இடம்வரை தட்டிக்கொண்டே வாருங்கள். டக் டக் என்று கணீரென ஒலித்தால் நல்லது. மரத்துப்போன மாதிரி பொத் என்று கேட்டால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது. விரலால் தடவியும் பாருங்கள். இழை அறுந்து முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறதா, வழவழப்பாகத்தான் இருக்கிறதா? இந்த மூன்றையும் சொல்லுங்கள், மேலே பேசலாம்.

அதுவரை கீல் கார்டு வாங்க வேண்டாம்.

நீர்மட்டம்:

எல்லோரும் அடியைப் பற்றியே பேசுகிறார்கள், நான் இன்ஜினைப் பற்றிச் சொல்கிறேன். மணலில் ஏற்றுபவர்களின் இன்ஜின் அடியைவிட முன்னால் அடி வாங்குகிறது.

அவுட்போர்டு தன்னைக் குளிர வைத்துக்கொள்ளும் தண்ணீரைக் கீழ்க்காலில் உள்ள துளைகள் வழியாக உறிஞ்சுகிறது. முழங்கால் ஆழத்தில் விசிறி சுற்றினால் மணல் கிளம்பும், அதுவும் சேர்ந்தே உள்ளே போகும். உள்ளே பம்பில் இருப்பது ரப்பர் இதழ் வைத்த இம்பெல்லர். மணல் அதன் ஓரத்தையும் தேய்க்கும், அது சுற்றுகிற கிண்ணத்தையும் கீறும். புதுத்துடுப்பு, இன்ஜினின் பின்னால் ஊசி மாதிரி பீய்ச்சும் தண்ணீர் முன்பு போலவே பலமாக வருகிறதா?

கரையிலிருந்து கிளம்பும்போது ரிவர்ஸ் போட்டு முறுக்குவதுதான் மகா தப்பு. மூக்கு மாட்டிக்கொண்டு இருக்கும், விசிறி அடியிலுள்ள மணலையெல்லாம் கிளப்பும். கையால் தள்ளுங்கள். அசையவில்லை என்றால் படகில் இருக்கிறவர்களைப் பின்பக்கம் போகச் சொல்லுங்கள், அந்த எடை மாறினாலே மூக்கு எழும்பிவிடும். இடுப்பளவு தண்ணீர் வந்த பிறகு இன்ஜினை இறக்கி ஸ்டார்ட் செய்யலாம். சாய்த்துத் தூக்கிய நிலையில் ஓட்டவே வேண்டும் என்றால், உறிஞ்சு துளைகள் தண்ணீருக்குள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கிடைக்காமல் கொஞ்ச நேரம் ஓடினாலே அந்த ரப்பர் கருகிவிடும்.

ஜெட் படகு வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால்: உங்களுக்கு உறிஞ்சு வாய் அடியிலேயே இருக்கிறது, மணலும் கூழாங்கல்லும் நேராக இம்பெல்லருக்குத்தான் போகும். இடுப்பு ஆழத்திலேயே இன்ஜினை நிறுத்திவிட்டு, மிதந்து வந்து சேருங்கள்.

புதுத்துடுப்பு:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. 21 அடிப் படகின் கதையைப் படித்துவிட்டு இரவெல்லாம் தூக்கம் வரவில்லை.

சோதித்துப் பார்த்தேன். அசிட்டோன் போட்டுத் துடைத்ததில் ஈரப் புள்ளி எதுவும் இல்லை, ஒரே சீராகக் காய்ந்தது. நாணயத்தால் தட்டியபோது எல்லா இடமும் ஒரே ஒலிதான். தடவினால் வழவழப்பாக இருக்கிறது. ஆனால் நெசவு மாதிரி ஒரு கோடு இலேசாகத் தெரிகிறது, முள் எதுவும் நீட்டவில்லை. வெளுத்த பட்டையின் ஓரத்தில் மட்டும் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது.

நீர்மட்டம் கேட்டது: தண்ணீர் பீய்ச்சுகிறது, ஆனால் வாங்கியபோது இருந்த பலம் இல்லை என்றுதான் தோன்றுகிறது. நான் இத்தனை நாளும் ரிவர்ஸ் போட்டுத்தான் கிளம்பினேன்.

நீர்மட்டம்:

முதலில் அந்தத் தண்ணீர் வெளியே வரும் துளையில் மெல்லிய நைலான் தூண்டில் நரம்பை விட்டுக் குத்திப் பாருங்கள். பல நேரம் மணல் அடைத்துக்கொண்டிருப்பதுதான் காரணம். அதிலும் சரியாகவில்லை என்றால் இம்பெல்லரைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள். கையேட்டில் போட்டிருக்கும் காலக்கெடு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அது மணலில் ஏற்றாத படகுக்கு எழுதினது.

ரெசின்கை:

நல்ல செய்தி. இழை அறுபடவில்லை, அடுக்கும் பிரியவில்லை. ஜெல்கோட் மட்டும் போட்டால் போதும், சீசன் முடியும்வரை தள்ளிப்போடாமல் இந்த வாரமே போட்டுவிடுங்கள். நீங்களே செய்யலாம்.

சேதமான இடத்தையும் அதைச் சுற்றி இரண்டு விரல் தூரத்தையும் 80 நம்பர் தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். அந்தச் சில்லின் ஓரத்தைச் செங்குத்தாக விடாமல் கிண்ணம் மாதிரி சாய்த்துத் தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் புதியது பிடிக்காது. அசிட்டோனால் துடைத்துவிட்டு, 100 கிராம் ஜெல்கோட்டுக்கு 2 கிராம் ஹார்டனர் என்ற அளவில் கலக்குங்கள். குறைத்தால் இறுகாது, கூட்டினால் சூடேறி வெடிப்பு விடும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அந்த ஹார்டனர் பாட்டிலைத் திறக்கவே கூடாது. ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. இதைச் சும்மா ஒரு எச்சரிக்கைக்காகச் சொல்லவில்லை, தயவுசெய்து போடுங்கள்.

காற்றுப் படுகிற பக்கம் சாதாரண ஜெல்கோட் முழுதாக இறுகாது, பிசுபிசு என்றே நிற்கும். ஆகவே மெழுகுக் கரைசல் கலந்த வகையை வாங்குங்கள், அல்லது பூசியதும் மேலே ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டிவிடுங்கள். சுற்றியுள்ள மட்டத்தைவிட ஒரு மயிரிழை உயரமாகப் பூசி, மறுநாள் 220, 400, 600, 1000 என்று தண்ணீர் தொட்டுத் தேய்த்து இறக்குங்கள். அடியில் இருக்கிற இடம்தானே, நிறம் கொஞ்சம் மாறினாலும் பரவாயில்லை.

கீல் கார்டு நல்ல பொருள்தான், நானே பல படகுகளுக்கு ஒட்டியிருக்கிறேன். ஆனால் சேதத்தின் மேல் அதை ஒட்டினால், ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டினதாகிவிடும், இனி யார் கண்ணுக்கும் அது தெரியாது. ஜெல்கோட் முழுதாக இறுகி, மெழுகை நன்றாகத் துடைத்தெடுத்த பிறகு ஒட்டுங்கள். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தொடங்கி, மணலில் படுகிற இடம் தாண்டி முடித்தால் போதும். கடைசிவரை கொண்டுபோனால் விசிறிக்குப் போகும் தண்ணீரில் குழப்பம் வரும். ஒட்டியதும் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் இறக்காதீர்கள். இன்னொன்று, அது உரசலைத்தான் தாங்கும். தொப்பென்று விழுகிற இடியைத் தாங்காது.

அந்த இடிக்கு மருந்து, படகை மணலில் வைக்காமல் இருப்பதுதான். பிள்ளைகள் இறங்க முழங்கால் ஆழம் போதுமே. இரண்டு நங்கூரம் போடுங்கள். கரையை நோக்கி மெதுவாக வரும்போதே, கரைக்கு 25 மீட்டர் முன்னால் பின்பக்கத்திலிருந்து ஒன்றை இறக்குங்கள். மணலுக்குத் தட்டை இலை வைத்த டான்ஃபோர்த் வகை நன்றாகப் பிடிக்கும். ஒருவர் கயிற்றை விட்டுக்கொண்டே வர வேண்டும், அது விசிறிப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு. இடுப்பு ஆழத்திலேயே இன்ஜினை நிறுத்திவிட்டு மிதந்து வாருங்கள். முழங்கால் ஆழம் வந்ததும், முன் நங்கூரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பெரியவர் ஒருவர் இறங்கி, கரை மணலில் புதைத்துவிடலாம். அப்புறம் பின் கயிற்றை இழுத்துக் கட்டினால், படகு இரண்டுக்கும் நடுவில் மிதந்தபடி நிற்கும். கிளம்பும்போது பின் கயிற்றை இழுத்தாலே ஆழத்துக்கு வந்துவிடும். ரிவர்ஸே தேவைப்படாது.

மூக்குக்கும் கரைக்கும் நடுவில் பிள்ளைகளை நிற்க விடாதீர்கள். ஒரு அலை தூக்கினால் ஆயிரம் கிலோ முன்னால் வரும்.

கடலில் என்றால் ஏற்ற வற்றத்தையும் பாருங்கள். பல கடற்கரைகளில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். தண்ணீர் வற்றுகிற நேரத்தில் மணலில் ஏற்றிவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பினால், படகு தரையில் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும். அதை எத்தனை பேர் சேர்ந்தாலும் தள்ள முடியாது. திரும்பத் தண்ணீர் ஏறி வரும்போது, பின்பக்கம் மிதக்கும் முன்பே அலை அதன்மேல் ஏறி உள்ளே நிரம்பிவிடவும் கூடும்.

அலைவாய்:

பின் நங்கூரம் பற்றி ரெசின்கை சொன்னதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. இரண்டாம் உலகப் போரில் டாங்கிகளைக் கரையிறக்கிய எல்.எஸ்.டி. கப்பல்கள் கரையை நெருங்கும்போதே பின்னால் நங்கூரத்தைப் போட்டுவிட்டுத்தான் மணலில் ஏறும். திரும்பும்போது அந்த வடத்தை வின்ச்சால் சுருட்டித் தங்களைத் தாங்களே பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். வீரர்களை இறக்கிய ஹிக்கின்ஸ் படகுகள் பெரும்பாலும் பிளைவுட்தான். ஆனால் அவற்றின் மூதாதையான யுரேகா படகில் மூக்கின் உள்ளே முழுசாக ஒரு பைன் மரக்கட்டையை வைத்திருந்தார் ஆண்ட்ரூ ஹிக்கின்ஸ். படகிலேயே உறுதியான பாகம் அதுதான். விசிறியும் அடியில் ஒரு குடைவுக்குள் ஒளிந்திருக்கும். கரையில் ஏறுவதற்கென்றே செய்த படகு அப்படி இருக்கும். நம் படகுகளில் அந்த இடத்தில் அரை மில்லிமீட்டர் ஜெல்கோட்தான் இருக்கிறது.

டிரெய்லரையும் யாராவது சொல்வீர்கள் என்று பார்த்தேன். மணலில் கிடந்த படகை அப்படியே டிரெய்லரில் ஏற்றினால், தாங்கிப் பலகையின் கார்ப்பெட்டில் மணல் ஏறிக்கொள்ளும். அப்புறம் ரோட்டில் போகிற ஒவ்வொரு குலுக்கலிலும் அது அடியைத் தேய்க்கும். கீலில் இல்லாமல் பக்கவாட்டில் இரண்டு நீளக் கோடாக வெளுத்திருந்தால் குற்றவாளி கரையில்லை, கார்ப்பெட்தான்.

புதுத்துடுப்பு:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். ஜெல்கோட் போட்டாயிற்று. முதல் கலவையில் ஹார்டனர் குறைந்துபோய்ப் பிசுபிசுத்தது. வழித்தெடுத்துவிட்டு, சின்னத் தராசில் நிறுத்து மறுபடி போட்டேன், இறுகிவிட்டது. இம்பெல்லரின் இரண்டு இதழ்களில் ஓரம் தேய்ந்திருந்தது, மாற்றினேன். தண்ணீர் இப்போது பலமாகப் பீய்ச்சுகிறது. அலைவாய், நீங்கள் சொன்ன மாதிரி கார்ப்பெட்டைத் தட்டிப் பார்த்தேன், கைநிறைய மணல் வந்தது.

நேற்று இரண்டு நங்கூரத்தோடு போனோம். முதல் தடவை பின் நங்கூரம் பிடிக்காமல் இழுபட்டு வந்தது. இரண்டு மீட்டர் ஆழத்தில் எட்டு மீட்டர் கயிறுதான் விட்டிருந்தேன். அது குறைவா?

ரெசின்கை:

குறைவுதான். ஆழத்தைப் போல ஐந்திலிருந்து ஏழு மடங்கு விடுங்கள், உங்களுக்குப் பத்து முதல் பதினாலு மீட்டர். நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவில் இரண்டு மீட்டர் சங்கிலி சேர்த்தால், இழுப்பு தரையோடு படிந்து வரும், நங்கூரம் கிளம்பாது. புதிய ஜெல்கோட்டின் படம் ஒன்று போடுங்கள், ஓரம் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.